நின்று எரிந்த பாலம்

"ஜன்னலைச் சாத்திக்கிட்டா முடிஞ்சு போச்சு. இதுக்குப் போயி பாலத்தையே இருட்டாக்கச் சொல்றீகளே" என்றார் சோலைமலை, ஏணியை விட்டு இறங்காமலே.

சுதந்திர தினத்துக்காகத் திண்டுக்கல் ரயில்வே மேம்பாலத்துக்குச் சீரியல் விளக்குக் கட்டிக்கொண்டிருந்தார் அவர்.

அன்னாள் மூன்று வயது பிரின்ஸை இடுப்பில் இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"இருட்டாக்கச் சொல்லலைண்ணே. நல்லா எரியட்டும். ஓடாம எரியட்டும்னுதான் கேக்குறேன். விட்டு விட்டு மினுக்குற வெளிச்சம் பட்டா இவனுக்கு வலிப்பு வந்துரும். டாக்டர் சொல்லியிருக்காரு. நேத்து நீங்க ஓடவிட்டுப் பாத்தப்பவே இவனுக்குக் கண்ணு மேல சொருகிருச்சு."

"திரை போடுங்க."

"போர்வையே கட்டிப் பாத்துட்டேன். அதையும் தாண்டி வருது. எங்க மாடி ஜன்னலுக்கும் பாலத்துக்கும் பத்தடிதான்."

சோலைமலை அந்த ஜன்னலை ஒருதரம் பார்த்தார். பிறகு, சற்றுத் தள்ளி நின்று போனில் பேசிக்கொண்டிருந்த, இந்த விளக்கு வேலையைக் கொடுத்த ஆபீசரைப் பார்த்தார். குரலை உயர்த்தினார்.

"ஊருக்கே விளக்கு தாயி. உங்க ஒரு வீட்டுக்காக நிப்பாட்ட முடியுமா? ஒரு வாரந்தான், பேசாம மாமியா வீட்டுக்குப் போயிருங்க."

பாலத்துப் படியிறங்கும்போது அன்னாள் யோசித்துப் பார்த்தாள். மாமியார் வீடு சிறுமலையில். அங்கே ராத்திரியில் வலிப்பு வந்தால் கீழே இறங்க ஒரு பஸ் கிடையாது. கணவன் திருப்பூரில். யாரிடம் போய்ச் சொல்வது?

வீட்டுக்கு வந்ததும் அந்தோனியார் படத்துக்கு முன்னால் முழந்தாளிட்டாள்.

"அந்தோனியாரே, அந்த விளக்கு ஓடக்கூடாது. ஓடலைன்னா இன்னைக்கே இல்லாதவங்களுக்கு ரொட்டி வாங்கிக் கொடுக்கிறேன்."

கொஞ்சம் யோசித்துச் சேர்த்துக்கொண்டாள்.

"முதல் ரொட்டி அந்த ஆளுக்குத்தான்."

சாயங்காலம் ஆறரை மணிக்குப் பாலத்துக்கு மேலேயும் கீழேயும் கூட்டம். அன்னாள் பிள்ளையின் முகத்தை மடியில் புதைத்து, முந்தானையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே விசில் பறந்தது. கைதட்டல் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அது அடங்கி, சளசளவென்று பேச்சாக மாறியது.

"ஏலே, ஓட மாட்டேங்குதுடா!"

அன்னாள் ஜன்னலுக்குப் போய்ப் போர்வையின் ஓரத்தை விலக்கினாள்.

காவி, வெள்ளை, பச்சை. பாலம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் அசையாமல் நின்று எரிந்துகொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே ஆபீசரும் எரிந்துகொண்டிருந்தார்.

"என்னய்யா இது? ஓடும்னுதானே சொன்னே?"

"ஓடவிடுற பெட்டி வேலை செய்யலீங்க சார்" என்றார் சோலைமலை.

"வேற பெட்டி மாட்டு."

"மதுரையில இருந்துதான் வரணும் சார். ஒரு வாரம் ஆகும்."

"இத்தனை பேரு முன்னாடி மானத்தை வாங்கிட்டியே. தீபாவளிக்கு இந்தப் பாலத்துப் பக்கமே நீ வரக்கூடாது."

சோலைமலை தலையைக் குனிந்துகொண்டார்.

அன்னாளுக்குத் தலை நிமிர்ந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று இறங்கினாள். கீழ்வீட்டுப் பேக்கரியில் இருந்த ரொட்டி அத்தனையையும் வாங்கினாள். லோடு ஆட்டோ பக்கத்தில் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்த சோலைமலையிடம் நேராகப் போய் முதல் ரொட்டியை நீட்டினாள்.

"வாங்கிக்கங்கண்ணே. அந்தோனியாருக்கு நேந்துக்கிட்ட ரொட்டி. உங்க பெட்டியை அவருதான் நிப்பாட்டினாரு. இனிமேலாச்சும் அடுத்தவங்க பிள்ளையும் பிள்ளைதான்னு நெனைங்க."

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவன் சிரித்தான்.

சோலைமலை ரொட்டியை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"சரி தாயி" என்றார். அவ்வளவுதான்.

மிச்ச ரொட்டியைப் பாலத்தடியில் படுத்துக் கிடந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டு, ஜெயித்தவளாகப் படியேறினாள் அன்னாள். போர்வையை உருவி எறிந்தாள். ஜன்னலின் இரண்டு கதவையும் விரியத் திறந்தாள். பிரின்ஸ் கம்பியைப் பிடித்து நின்று, பாலத்தைப் பார்த்துக் கைதட்டினான்.

அப்போது கீழே லோடு ஆட்டோவுக்குள் சிவப்பாக ஏதோ மினுக்கியது. அன்னாளின் கை தன்னால் பிள்ளையின் கண்ணைப் பொத்தியது.

"ஏங்க, பெட்டியில ஒரு சரத்தை மாட்டிப் பாத்தேன். நல்லாத்தானே ஓடுது?" சோலைமலையின் மனைவி அய்யம்மாளின் குரல்.

"அதை மொதல்ல அணைச்சுச் சாக்குக்குள்ள வையி புள்ள. மேல ஜன்னல் தொறந்திருக்கு."

மினுக்கல் நின்றது.

"அப்ப வேணும்னேதான் மாட்டாம விட்டீகளா? தீபாவளி வேலையும் போச்சு. அந்தப் பொண்ணு வேற நடுரோட்டுல வச்சு அம்புட்டுப் பேச்சுப் பேசிட்டுப் போகுது. நாந்தான் நிப்பாட்டுனேன்னு ஒரு வார்த்தை சொன்னா வாயில இருந்து முத்தா உதிந்துரும்?"

"நான் நிப்பாட்டுனேன்னு சொன்னா, எப்ப மறுபடி ஓடவிடுவானோன்னு அது வாரம் பூரா பிள்ளையைப் பொத்திக்கிட்டு முழிச்சே கெடக்கும்" என்றார் சோலைமலை, ரொட்டியைப் பிய்த்து அவளுக்குப் பாதி கொடுத்தபடி. "சாமி நிப்பாட்டுச்சுன்னா, நிம்மதியாத் தூங்கும்ல."