மருந்து போட்ட கண்

“எல்லாரும் நல்லாப் பாத்துக்கோங்க. இது மருந்து போட்ட கண்ணு. இது போடாத கண்ணு.”

பழனியாத்தாளின் தாடையைப் பிடித்துப் பெஞ்சுப் பக்கம் திருப்பிக் காட்டினார் டாக்டர் நாச்சிமுத்து. கிணத்துக்கடவு முழுக்க மெட்ராஸ் ஐ பரவிய தொண்ணூற்றாறாம் வருஷம். கூட்டம் சேர்ந்துவிட்டால் அவருக்கு வைத்தியத்தைவிடப் பிரசங்கம் நன்றாக வரும்.

அவளுடைய வலது கண் தெளிவாக இருந்தது. இடது கண் திறக்க முடியாமல் வீங்கிக் கிடந்தது. அதற்குக் கீழே கன்னம் வரைக்கும் ஒரு கோடாகத் தோல் சிவந்து தடித்திருந்தது.

“கன்னத்துல என்ன? பச்சிலை ஏதாச்சும் புழிஞ்சு உட்டியா?”

“இல்லீங்க. போன வாரம் நீங்க குடுத்த சொட்டு மருந்துதானுங்க. பாட்டில் சின்னதுங்களா, அதனால ஒரு கண்ணுக்குத்தான்...”

“அதான் தெரியுதே. ரெண்டுக்கும் ஊத்துன்னா, இவ மிச்சம் புடிக்கறாளாமா.”

பெஞ்சு சிரித்தது. அதில் பாதிப் பேருக்குக் கண்ணே திறக்கவில்லை, இருந்தாலும் டாக்டர் சொன்னால் சிரித்துத்தான் ஆக வேண்டும்.

“ஏனுங்க, இந்தக் கண்ணு தெரியுமுங்களா?”

பழனியாத்தாள் களை வெட்டிப் பிழைக்கிறவள். கண் போய்விடுமோ என்ற பயத்தில் மூன்று நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

“இந்தப் பயம் போன வாரம் எங்க போச்சு? உங்களுக்கெல்லாம் எழுதிக் குடுக்கறதே தண்டம். வேலுமணி, அதே மருந்துல புதுப் பாட்டில் ஒண்ணு எடு. நானே ஊத்தறேன்.”

கம்பவுண்டர் வேலுமணி மூடியைத் திருகிக் கொடுத்தார். டாக்டர் அவள் தலையைப் பின்னால் சாய்த்து, வீங்கிய இமையைப் பிரித்தார். சொட்டு விழுவதற்குள் அவர் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள் பழனியாத்தாள்.

டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. “கைய உடு. மருந்து ஊத்தாததுக்குத்தான் இந்தக் கதி. இன்னும் புத்தி வரலையா?”

“மொதல்ல சீக்கு வந்தது வலது கண்ணுக்குங்க. நல்லா இருக்கற கண்ணுக்கும் ஒட்டிக்கும்னு நீங்கதானுங்க சொன்னீங்க.”

“சொன்னேன். அதுக்கு?”

“அதனால மருந்து ஊத்துனது வீங்கிக் கெடக்கற இந்தக் கண்ணுக்கு மட்டுந்தானுங்க.”