விலங்கின் மறு வளையம்

ஆத்தா இறந்த சேதி கேட்டு, விடுப்பு கிடைக்காமல் முகாமிலிருந்து ஓடிவந்த சிப்பாய் இருளப்பனை, வீட்டுக்கு ஒரு தெரு முன்னால் ராணுவப் போலீஸ்காரர் ஞானசிகாமணி பிடித்தார். விலங்கின் ஒரு வளையத்தை அவன் வலக்கையிலும், மற்றதைத் தன் இடக்கையிலும் பூட்டினார்.

"வாய்க்கரிசி மட்டும் போட்டுட்டு வந்துர்றேன் சார்."

"சாவி எங்கிட்ட இல்லப்பா. வழியில மனசு இளகிரும்னு முகாம்லயே வாங்கி வச்சுக்குவாங்க."

பறைச் சத்தம் கேட்டது.

"சரி, நட. ரெண்டு பேருமே போவோம்."

இருளப்பன் அரிசியை அள்ளியபோது அவர் கையும் கூடவே போனது. தலைமாட்டில் இருந்த பெரியம்மாவுக்குக் கண் மங்கல்.

"இது யாரு, மூத்தவனா?" என்று அவர் கையிலும் ஒரு பிடி அரிசி வைத்தாள்.

ஞானசிகாமணி சிவப்புத் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்தார்.