இடைவேளைக்குப் பிறகு

அந்த சினிமா விமர்சகர் எந்தப் படத்துக்குப் போனாலும் இடைவேளையோடு கிளம்பிவிடுவார். மீதியைக் கற்பனையில் ஓட்டி, கரைத்துக் குடித்தவர்போல் எழுதிவிடுவார். இதுவரை மாட்டியதில்லை.

அன்று பத்திரிகை அலுவலகத்துக்கு ஒரு பெரியவர் போன் செய்தார்.

"கடைசியில மகன் அப்பா கையைப் பிடிச்சு மன்னிப்பு கேக்கிற காட்சியில அழுதுட்டேன்னு எழுதியிருந்தீங்களே சார்... ரெண்டு தடவை பார்த்துட்டேன். அப்படி ஒரு காட்சியே வரலையே?"

விமர்சகர் சட்டென்று சமாளித்தார்.

"உங்க தியேட்டர்ல வெட்டியிருப்பாங்க."

"ஓ... அப்ப நான்தான் தப்பா நினைச்சுட்டேன்."

"என்னன்னு?"

"படத்துல இல்லாததை எழுதியிருக்கியே, எனக்காகத்தான் எழுதினியோன்னு நினைச்சுட்டேன்டா."

சண்டை போட்டுப் பிரிந்து ஏழு வருடம். அப்பாவின் குரலே மறந்துபோயிருந்த விமர்சகர், போனும் கையுமாகக் கூனிக்குறுகி நின்றார்.