உச்சியில் ஓர் இலை

வெந்து கூழானது தக்காளிதான். ஆனால் பாஸ்தாவின் உச்சியில் உட்கார்ந்தது பேசில் என்ற துளசி வகை இலை. எழிலரசி சுற்றிச் சுற்றி வந்து அதைத்தான் போட்டோ எடுத்தாள்.

மத்தியானச் சாம்பாரிலிருந்து ஒதுக்கப்பட்டு, சிங்க்கில் எச்சில் தட்டோடு கிடந்த கறிவேப்பிலை விசாரித்தது: "தம்பிக்கு எந்த ஊரு?"

"இத்தாலி" என்றது பேசில், திரும்பிக்கூடப் பார்க்காமல். பால்கனித் தொட்டியில் முளைத்ததை அது சொல்லவில்லை.

தட்டு மேசைக்குப் போனது. எழிலரசியின் கணவர் மகளிடம் சொன்னார்: "அந்த இலையை ஓரமா எடுத்து வெச்சிட்டுச் சாப்பிடும்மா."

கொஞ்ச நேரத்தில் பேசிலும் சிங்க்கில் வந்து விழுந்தது. கறிவேப்பிலை நகர்ந்து இடம் கொடுத்தது. "வா தம்பி. இந்த வீட்டுல இலைன்னா இப்படித்தான்."

பேசில் மேலே ஒட்டிய சாஸைத் துடைத்துக்கொண்டு முறைத்தது.

"உன்னை யாராவது போட்டோ எடுத்தாங்களா?"