திரும்பி வந்த பெட்டி

சாய்ந்து விழும் மாலை வெயிலில் ஹார்டுவேர் கடையின் மரத்தூள் பொன்னாய் மிதக்கிறது. மேசைமேல் மூன்று பெட்டிகள் திறந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் சாயம் பூசாத மரம், நீண்ட கழுத்து, கம்பிச் சுருள், பை நிறைய திருகாணிகள்: வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் எலெக்ட்ரிக் கிட்டார். தையல்காரி அளவு நாடாவால் ஒரு மரத்தின் இடுப்பை அளக்கிறாள். “ஜாக்கெட்டா தைக்கப் போற?” என்று கணவன் சிரிக்கிறான். மூன்றுமே யானை விலை. அவள் கண், கடை மூலையில் கிடக்கும் நாலாவது பெட்டிக்குப் போகிறது. “அது வேணாம்மா. எல்லாத்தையும் தலைகீழா அறுத்து வச்சிருக்காங்கன்னு வாங்கினவரே திருப்பிக் குடுத்துட்டார். வேணும்னா பாதி விலைக்கு எடுத்துக்குங்க,” என்றபடி கடைக்காரர் சணல் கயிறு தேடக் குனிகிறார். அவள் அந்த மரத்தை மடியில் வைக்கிறாள். வளைவு வயிற்றோடு அப்படியே ஒட்டிக்கொள்கிறது. இத்தனை வருஷமாக வலது கைக்காரர்களின் கத்தரிக்கோலோடு மல்லுக்கட்டிக் காய்த்துப்போன இடது கை, இன்னும் பூட்டாத கம்பிகளை வெறும் காற்றில் மீட்டிப் பார்க்கிறது. “ஏங்க, இது என் கைக்குச் செஞ்சதுங்க!” கணவன் பதறி வாயில் விரல் வைக்கிறான். “மெதுவா சொல்லு, விலைய ஏத்திடப் போறார்.” கடைக்காரர் நிமிர்கிறார். அவள் முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டு, வலது கையால் பணத்தை நீட்டுகிறாள். பெட்டிக்கு அடியில் இடது கை தாளம் போடுவதை நிறுத்தவே இல்லை.