மூன்று நாள் பிள்ளை

பிறந்த மூன்றாம் நாளே தெய்வானையின் குழந்தை இறந்துபோனது. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவளைப் பார்க்க ஆப்பிளும் சாத்துக்குடியுமாக ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். “உனக்கென்ன வயசா ஆயிடுச்சு? அடுத்தது பொறந்திடும், விடு” என்றாள் நாத்தனார் பூரணி.

தெய்வானை பழப்பையைத் தூக்கி வாசலில் எறிந்தாள். “உடைஞ்ச சாமானா அது, வேற வாங்கிக்கிறதுக்கு? போங்க எல்லாரும்!”

முணுமுணுத்தபடி எழுந்து போனார்கள். பக்கத்து வீட்டு ரமீஜா மட்டும் போகவில்லை. அவளருகே தரையில் உட்கார்ந்தாள்.

“புள்ளைக்கு என்ன பேரு வச்சிருந்த?”

இதுவரை ஒருவரும் அதைக் கேட்டிருக்கவில்லை. தெய்வானைக்குக் கோபம் இன்னும் அடங்கவில்லை. தெருவில் இறங்கிவிட்டவர்களுக்கும் கேட்கும்படி கத்தினாள்.

“இளவேனில்!”