பெயருக்குப் பின்னால்

அம்மா இறந்த மறுவாரம் தம்பி அனுப்பிய கோப்பை ஐந்து மாதமாக நான் திறக்கவில்லை. ‘அம்மா ஆஸ்பத்திரி’ என்று பெயர். வெறும் குரலா, முகமும் உண்டா? எங்கள் வீட்டுக் கணினி இரண்டுக்கும் ஒரே ஆரஞ்சுக் கூம்புப் படத்தைத்தான் காட்டுகிறது. தம்பியிடம் கேட்டால் அழுதுவிடுவான். குரல் மட்டும் என்றால் தாங்கிக்கொள்வேன். அதனால் இன்று காலை, கோப்பின் வகையை அதன் பெயருக்குப் பின்னால் காட்டும் கட்டத்தைத் தேடிப்பிடித்து டிக் போட்டேன். அதற்குள் குக்கர் விசிலடித்தது, எழுந்து போனேன்.

திரும்பி வந்தால் என் நாற்காலியில் கணவர்.

“எல்லாப் பேருக்கும் பின்னாடி ஏதோ வால் முளைச்சிருந்துச்சு, யமுனா. பாக்கவே அசிங்கமா இருந்துச்சு. ஒவ்வொண்ணா அழிச்சிட்டேன்.”

“அழிச்சா கோப்பு திறக்காதுன்னு கம்ப்யூட்டர் சொல்லலையா?”

“ஒவ்வொரு தடவையும் சொல்லுச்சு. யெஸ் குடுத்தேன்.”

அம்மாவுடையது உட்பட முப்பத்தாறு கோப்புகளும் அடையாளப் படம் போய் வெள்ளைத் தாளாகக் கிடந்தன. என் பெயருக்கு முன்னால் இருந்த அப்பாவின் முதலெழுத்தை எடுத்துவிட்டுத் தன் எழுத்தைப் போட, ரேஷன் அட்டைக்காக நான்கு முறை அலைந்த மனிதர் இவர்.

“அம்மா பேருக்குப் பின்னாடி எம்பி மூணு இருந்துச்சா, நாலா? மூணுன்னா குரல் மட்டும்தான்.”

“அதெல்லாம் யாரு பாத்தா? ஏதாவது ஒண்ணப் போட்டுத் திறந்து பாரேன். இதுக்குப் போயி…”

அவரை எழுப்பிவிட்டு உட்கார்ந்தேன். அம்மாவின் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்தேன். அதற்குமேல் விரல் நகரவில்லை. என் தோளுக்கு மேலாக அவர் கை விசைப்பலகையை நோக்கி நீண்டது.

அந்தக் கையைத் தட்டிவிட்டேன்.